ஸ்கோர் அசையவில்லை: கோளாறு மைதானத்திலா, கோபுரத்திலா, கையிலா?

ஸ்கோர் காட்டும் செயலி சண்டித்தனம் பண்ணினால் பலரும் செய்வது ஒரே வைத்தியம்தான்: அதை அழித்துவிட்டு இன்னொன்றை இறக்குவது. அடுத்த போட்டியில் அதுவும் அதே சண்டித்தனம் பண்ணும். பெரும்பாலான நேரங்களில் கோளாறு செயலியில் இருப்பதில்லை.

ஒரு பந்து வீசப்பட்டதும் மைதானத்தில் இருக்கும் பதிவாளர் அதைக் கணினியில் பதிகிறார். அது தரவு விற்கும் நிறுவனத்துக்குப் போகிறது, அங்கிருந்து செயலிக்காரரின் சேர்வருக்கு, அங்கிருந்து உங்கள் வீட்டு ரூட்டருக்கோ தெருமுனை போன் கோபுரத்துக்கோ, கடைசியாக உங்கள் போனுக்கு. இந்தப் பாதையில் எந்த இடத்தில் அடைத்தாலும் திரையில் தெரிவது ஒன்றுதான்: நகராத ஸ்கோர். ஆகவே என்ன தெரிகிறது என்பதிலிருந்து தொடங்கி எங்கே அடைத்திருக்கிறது என்று பிடிக்க வேண்டும். உங்களுக்கு நடப்பது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள்.

“அரை மணித்தியாலமா ஒரே ஸ்கோர் நிக்குது”

முதலில் போட்டி நடக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், இந்த முறைப்பாட்டில் பாதி இங்கேயே முடிந்துவிடும். ஸ்கோருக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: மழை, மதிய உணவு, தேநீர், இன்னிங்ஸ் இடைவேளை. டெஸ்ட் போட்டியில் மதிய உணவு 40 நிமிடம், தேநீர் 20 நிமிடம். வெள்ளவத்தையில் வெயில் எரிக்கும்போதே கெத்தாராமவில், பிரேமதாச மைதானம் முழுவதையும் படங்கால் மூடியிருப்பார்கள். ஜன்னலைத் திறந்து வானம் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

மழை நாளில் இன்னொரு குழப்பம் உண்டு. 2023 ஆசியக் கிண்ணத்தில் இந்தியா – பாகிஸ்தான் சுப்பர் 4 போட்டி பிரேமதாச மைதானத்தில் செப்டம்பர் 10ஆம் திகதி தொடங்கி, இந்தியா 24.1 ஓவரில் 2 விக்கெட்டுக்கு 147 என்ற நிலையில் மழையால் நின்றது. சுப்பர் 4 சுற்றில் அந்தப் போட்டிக்கு மட்டும் மேலதிக நாள் ஒன்று ஒதுக்கியிருந்தார்கள். மறுநாள் அதே இடத்திலிருந்து தொடர்ந்து 356 வரை போனது. முதல் நாள் இரவு முழுக்க 147 அசையாமல் நின்றது செயலியின் பிழையல்ல. போட்டி விபரப் பக்கத்தில் ‘ரிசேர்வ் டே’ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படுக்கப் போங்கள்.

போட்டி நடக்கிறது, ஆனாலும் ஸ்கோர் நகரவில்லை என்றால், நீங்கள் பார்ப்பது பழைய பக்கம். குரோம் போன்ற உலாவிகள், நீங்கள் வேறு பக்கத்துக்குப் போய்விட்டால், பின்னால் கிடக்கும் பக்கத்தின் கடிகாரத்தை மெதுவாக்கிவிடும்; சில நிமிடங்கள் கழிந்தால் நிமிடத்துக்கு ஒரு தடவைதான் அதற்கு மூச்சு விட அனுமதி. போனில் இன்னும் மோசம், பக்கத்தையே உறைய வைத்துவிடும். வட்ஸ்அப்பில் பத்து நிமிடம் கதைத்துவிட்டுத் திரும்பினால் பத்து நிமிடத்துக்கு முந்திய ஸ்கோர் பத்திரமாக உட்கார்ந்திருக்கும், பார்வைக்குப் புதிது போலவே.

அதனால் ஓட்டத்தைப் பார்க்காமல் ஓவர் எண்ணைப் பாருங்கள். ஓட்டம் ஏறாமல் ஓவர் போகலாம், ஆனால் ஆட்டம் நடக்கும்போது ஓவர் எண் சில நிமிடங்களுக்கு மேல் அப்படியே நிற்பது அரிது. நின்றால் திரையை மேலிருந்து கீழே இழுத்துப் புதுப்பியுங்கள். ஒரு ஓவரில் என்ன நடந்துவிடும் என்று நினைப்பவர்கள் 2023 செப்டம்பர் 17ஐ மறந்திருக்க மாட்டார்கள், மறக்க விரும்பினாலும். அதே பிரேமதாச மைதானம், ஆசியக் கிண்ண இறுதி. மூன்று ஓவர் முடிவில் இலங்கை ஒரு விக்கெட்டுக்கு 8. சிராஜின் அடுத்த ஓவர் முடிந்தபோது ஐந்துக்கு 12. பழைய பக்கத்தைப் பார்த்துக்கொண்டு தேநீர் ஊற்றப் போனவர்கள் திரும்பி வந்து செயலி பழுது என்றே முடிவு கட்டியிருப்பார்கள். 15.2 ஓவரில் 50க்குச் சகலரும் ஆட்டமிழந்தார்கள். செயலி சொன்னது சரிதான், அதுதான் கவலை.

“வட்ஸ்அப் போகுது, ஸ்கோர் பக்கம் மட்டும் திறக்குதில்லை”

இது அநேகமாக டேட்டாப் பொதிப் பிரச்சினை. நம் ஊரில் மலிவாகக் கிடைக்கும் பல பொதிகள் வட்ஸ்அப், பேஸ்புக், யூடியூப் போன்ற சிலவற்றுக்கு மட்டும். பொதுவான டேட்டா முடிந்த பின்னும் அவை ஓடும். இன்டர்நெட் இருக்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம், ஸ்கோர் செயலி வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். இதுவரை போகாத ஏதாவது ஒரு இணையப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அதுவும் திறக்காவிட்டால் ரீலோட் போடுவதுதான் மருந்து. மீதி நிறைய இருக்கிறதாகக் காட்டினால், அதில் எவ்வளவு ‘நைட் டேட்டா’ என்று பிரித்துப் பாருங்கள். நள்ளிரவுக்குப் பிறகுதான் அது உயிர் பெறும், நம் பகல் ஆட்டத்துக்கு உதவாது.

டேட்டா சரி, அலைவரிசைக் கோடுகளும் நிறைய, ஆனால் ஒன்றும் வரவில்லை என்றால் ஃப்ளைட் மோடைப் போட்டு ஒரு நிமிடத்தில் எடுங்கள். போன் கோபுரத்தோடு புதிதாக ஒட்டிக்கொள்ளும்.

ஸ்கோருக்கு வீடியோ அளவு டேட்டா தேவையே இல்லை. விளம்பரமும் படமும்தான் தின்னும். டேட்டா கொஞ்சமாக இருக்கும் நாளில் கூகுளில் அணியின் பெயரைத் தட்டினால் மேலே வரும் சின்னப் பெட்டி போதும். அன்ட்ரொய்ட் போனில் அதைத் திரையில் ஒட்டி வைக்கவும் முடியும்.

“பக்கத்து வீட்டில கத்தின பிறகுதான் எனக்கு விக்கெட் விழுது”

அடுக்குமாடியில் இருப்பவர்களின் நிரந்தரத் துயரம். நான்காம் மாடி ஆர்ப்பரிக்கும், நம் திரையில் பந்துவீச்சாளர் இன்னும் ஓடத் தொடங்கியிருக்கமாட்டார். இங்கே எதுவும் பழுதாகவில்லை. இணைய நேரலை, வீடியோவைச் சில வினாடித் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறது. பரவலாக இருக்கும் ஒரு முறையில் ஒரு துண்டு ஆறு வினாடி அளவு. நடுவில் நின்றுவிடாமலிருக்க உங்கள் போன் அப்படி மூன்று துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் காட்டத் தொடங்கும். அதிலேயே பதினெட்டு வினாடி போய்விட்டது. அதற்கு மேல் வெட்டவும் அனுப்பவும் ஆகும் நேரம். அன்டெனாவில் எடுப்பவரும் டிஷ் வைத்திருப்பவரும் இதைவிட முந்தியே பார்த்துவிடுவார்கள். எழுத்தில் வரும் பந்துக்குப் பந்து ஸ்கோரும் பல நேரம் இணைய வீடியோவை முந்திவிடும், ஏனென்றால் ஒரு எண்ணை அனுப்பத் துண்டு வெட்டத் தேவையில்லை.

வீடியோ பார்ப்பதென்றால் ஸ்கோர் செயலியின் அறிவித்தலை நிறுத்துங்கள், குடும்ப வட்ஸ்அப் குழுவை ‘மியூட்’ செய்யுங்கள். முந்தித் தெரியவேண்டுமென்றால் வீடியோவை விட்டு எழுத்து ஸ்கோருக்கு வாருங்கள். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எரிச்சல்படுவதில் பொருளில்லை. நேரலையை நடுவில் நிறுத்தி மறுபடி ஓடவிட்டால் அந்தத் தாமதமும் கூடச் சேர்ந்துகொள்ளும். வெளியேறி மறுபடி உள்ளே வந்தால் குறையும்.

‘உங்கள் நாட்டில் பார்க்க முடியாது’ என்று வந்தால் அது ஒளிபரப்பு உரிமை விவகாரம். நாட்டுக்கு நாடு தனித்தனியாக விற்கிறார்கள். அந்தப் பூட்டு வீடியோவுக்குத்தான், ஸ்கோருக்கு அல்ல. வெறும் ஸ்கோருக்காக, வேறு நாட்டில் இருப்பதாகக் காட்டும் வீ.பி.என். போட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

“நோட்டிபிகேஷன் எல்லாம் பிந்தி, மொத்தமா வந்து விழுது”

போனை மேசையில் வைத்துவிட்டு வேலை பார்க்கிறீர்கள். எடுத்துத் திரையைத் தொட்டதும் நாலு விக்கெட்டும் ஒரு அரைச்சதமும் சேர்ந்து கொட்டுகின்றன. அன்ட்ரொய்ட் 6ஆம் பதிப்பிலிருந்து, அசையாமல் கிடக்கும் போன் பற்றரியைச் சேமிக்க ஆழ்ந்து உறங்கப் போய்விடும். அவசரமில்லாத செய்திகளைத் தொகுத்து வைத்து இடைக்கிடை கண் விழிக்கும்போது வாங்கும். இதற்கு மேல் சாம்சங், சியோமி போன்ற தயாரிப்பாளர்கள் தங்கள் பங்குக்கும் செயலிகளைத் தூங்க வைக்கிறார்கள்.

செட்டிங்ஸில் அந்தச் செயலியைத் திறந்து, பற்றரிப் பகுதியில் ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ என்று மாற்றுங்கள். சாம்சங்கில் ‘ஸ்லீப்பிங் அப்ஸ்’ பட்டியலிலிருந்து அதை எடுத்துவிடுங்கள். ‘டேட்டா சேவர்’ போட்டிருந்தால் இந்தச் செயலிக்கு விலக்குக் கொடுங்கள். ஐபோன்காரர் ‘போகஸ்’, ‘ஷெட்யூல்ட் சமரி’ இரண்டையும் பார்க்க வேண்டும். பின்னதில் செயலி சேர்ந்திருந்தால் விக்கெட் செய்தி மாலைப் பேப்பர் மாதிரிக் குறித்த நேரத்துக்குத்தான் வரும்.

எல்லா அணிக்கும் எல்லா நிகழ்வுக்கும் அறிவித்தல் கேட்டு வைக்காதீர்கள். விக்கெட், இன்னிங்ஸ் முடிவு, போட்டி முடிவு போதும். நாளுக்கு நூறு தடவை அதிரும் போனைக் கடைசியில் நீங்களே ஊமையாக்கிவிடுவீர்கள், பிறகு விக்கெட்டும் கேட்காது.

“ரெண்டு இடத்தில ரெண்டு ஸ்கோர் காட்டுது”

கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். மேன்முறையீட்டில் நடுவரின் தீர்ப்பு மாறினால் விழுந்த விக்கெட் எழுந்துவிடும். (இந்த டீ.ஆர்.எஸ். முறையை முதலில் பரீட்சித்துப் பார்த்த டெஸ்ட் தொடர் 2008இல் இலங்கை – இந்தியத் தொடர். தொடக்கம் நம் கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில்தான்.) காற்பந்தில் வீ.ஏ.ஆர். என்ற வீடியோ நடுவர் ஒரு கோலை ரத்துச் செய்துவிட்டால், ‘கோல்’ என்று வந்த அறிவித்தலுக்குப் பிறகு ஸ்கோர் குறைந்து நிற்கும். துடுப்பில் பட்டதா, காலில் பட்டதா என்று பதிவாளர் பின்னால் திருத்துவதும் உண்டு. அப்போது மொத்தம் மாறாது, துடுப்பாட்ட வீரரின் கணக்குக் குறையும்.

நிமிடங்கள் கடந்தும் வித்தியாசம் நிற்கிறதா? இங்கேதான் பலர் மூன்றாவது செயலியைத் திறந்து பெரும்பான்மை வாக்கெடுப்பு நடத்துகிறார்கள். அது செல்லாது. ஒப்டா, ஸ்போர்ட்ரேடார் போன்ற சில பெரிய நிறுவனங்களின் தரவைத்தான் எத்தனையோ செயலிகள் வாங்கி, வேறு வேறு நிறத்தில் காட்டுகின்றன. மூலத்தில் பிழை என்றால் மூன்று செயலியும் ஒரே பிழையை ஒற்றுமையாகச் சொல்லும். சரிபார்க்க வேண்டுமென்றால் வேறு வழியால் வரும் தகவல் வேண்டும்: தொலைக்காட்சித் திரையின் கீழ் ஓடும் ஸ்கோர், வானொலி வர்ணனை, போட்டியை நடத்தும் சபையின் சொந்தப் பக்கம், மைதானத்தில் நிற்கும் ஒருவர். கிரிக்கெட்டுக்கு ஈ.எஸ்.பி.என். கிரிக்இன்ஃபோ அல்லது கிரிக்பஸ், காற்பந்துக்கு ஃபொட்மொப் அல்லது சோஃபாஸ்கோர் என்று ஒன்றை வைத்துக்கொண்டு, இரண்டாவதாக இணையமே தேவைப்படாத ஒரு வழியை வைத்திருப்பது ஐந்து செயலிகளைவிட மேல்.

சில நேரம் ஸ்கோர் சரி, நமக்குத்தான் பிழையாகத் தெரியும். 2023 செப்டம்பர் 14, மறுபடியும் பிரேமதாச மைதானம்: பாகிஸ்தான் 42 ஓவரில் 252/7, இலங்கை 252/8, முடிவில் ‘இலங்கை 2 விக்கெட்டால் வெற்றி’. சமநிலை அல்லவா என்று கேட்கத் தோன்றும். மழையால் ஓவர் குறைந்தபோது டக்வர்த்-லூயிஸ்-ஸ்டேர்ன் (டி.எல்.எஸ்.) முறைப்படி இலக்கு 252 ஆகியிருந்தது. மழை விழுந்த நாளில் முதல் அணியின் ஓட்டத்தோடு ஒன்றைக் கூட்டி இலக்கு என்று எடுக்காதீர்கள், ‘டி.எல்.எஸ்.’ என்ற எழுத்துகள் பக்கத்தில் எங்காவது இருக்கும்.

2024 ஓகஸ்ட் 2ஆம் திகதி அதே மைதானத்தில் ஐம்பது ஓவர் போட்டியில் இலங்கையும் இந்தியாவும் 230 – 230. ஆட்டம் சமநிலை என்றே முடிந்தது, சுப்பர் ஓவர் இல்லை. மூன்று நாளுக்கு முன் பல்லேகலையில் நடந்த இருபது ஓவர் போட்டியும் சமநிலைதான், ஆனால் அங்கே சுப்பர் ஓவர் வைத்து இந்தியா வென்றது. ஒரே வாரத்தில் இரண்டு விதம் என்றால் செயலியைச் சந்தேகிப்பது இயல்புதான். 2023 நவம்பர் 6ஆம் திகதி டெல்லியில் அஞ்சலோ மெத்யூஸ் பெயருக்கு எதிரே ‘டைம்ட் அவுட்’ (குறித்த நேரத்துக்குள் பந்தை எதிர்கொள்ளத் தயாராகவில்லை) என்று வந்தபோதும் அப்படித்தான். சர்வதேச கிரிக்கெட்டில் அதற்கு முன் எவரும் அப்படி ஆட்டமிழந்ததில்லை.

3/145 என்று வந்தால் அது அவுஸ்திரேலிய வழக்கம், விக்கெட் முன்னால். 19.4 என்பது பத்தொன்பது ஓவரும் நான்கு பந்தும், தசமமல்ல.

“எட்டு மணிக்கெண்டு போட்டிருந்தது, ஏழரைக்கே துவங்கீட்டுது”

முதலில் போனின் நேரம் தானாகச் சரிசெய்யும்படி இருக்கிறதா என்று பாருங்கள். 2006 ஏப்ரலுக்குப் பிறகு இலங்கை நேரமும் இந்திய நேரமும் ஒன்று, ஆகவே இந்தியச் செயலி காட்டும் நேரம் நமக்கும் பொருந்தும். இங்கிலாந்து மார்ச் மாதக் கடைசி ஞாயிறு கடிகாரத்தை முன்னே தள்ளி, ஒக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே இழுக்கும். அங்கே சனிக்கிழமை மூன்று மணிக்குத் தொடங்கும் பிரீமியர் லீக் ஆட்டம் நமக்குக் கோடையில் இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. மெல்பேர்னில் டிசம்பர் 26 டெஸ்ட் அங்கே 10.30 என்றால் இங்கே விடிகாலை 5 மணி. பார்படோஸில் காலை 10 மணி நமக்கு இரவு 7.30, ஜமெய்க்கா என்றால் இன்னும் ஒரு மணித்தியாலம் பிந்தும்.

“மைதானத்துக்குள்ள இருந்தும் ஸ்கோர் பாக்க ஏலாமக் கிடக்கு”

பிரேமதாச நிறைந்தால் பல்லாயிரம் போன்கள் அருகிலுள்ள சில கோபுரங்களை மொய்க்கும். கோடுகள் முழுதாகத் தெரியும், ஒன்றும் நகராது. போனை மாற்றுவதால் பயனில்லை. வேறு நிறுவனத்தின் சிம் ஒன்று இருந்தால் சிலவேளை தப்பலாம். எஸ்.எம்.எஸ். டேட்டாவைவிடப் பிடிவாதமானது, வீட்டிலுள்ள ஒருவரை அனுப்பச் சொல்லலாம். உங்கள் ஆட்டத்தின் ஸ்கோருக்கு எதிரே பெரிய பலகை இருக்கிறது, அதை நம்புங்கள்.

“கரண்ட் போனாப் பிறகு எல்லாம் செத்துப் போச்சு”

கரண்ட் போனால் முதலில் போவது ரூட்டர். ஃபைபர் இணைப்புப் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். ரூட்டருக்கென்று விற்கும் சின்ன யூ.பி.எஸ். ஒன்று பூட்டினால் போதும். வாங்கப் போகும்போது ரூட்டரின் அடியில் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா என்று பார்த்துக்கொண்டு போங்கள். கோபுரங்களிலும் பற்றரி உண்டு, ஆனால் 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டியது போன்ற நாளில் அதுவும் களைத்துவிடும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, காலியில் அவுஸ்திரேலியாவுடனான இரண்டாவது டெஸ்ட்டின் நான்காம் நாள், முற்பகலில் நாடு முழுக்க இருண்டது. பாணந்துறை உபமின் நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்ததாக அமைச்சர் சொன்னார். இதற்கெல்லாம் எந்தச் செயலியிலும் செட்டிங் இல்லை.

பற்றரியில் ஓடும் சின்ன வானொலிப் பெட்டி ஒன்று வீட்டில் இருக்கட்டும். போனில் எப்.எம். இருந்தால் வயர் உள்ள இயர்போன் தேவை, அந்த வயர்தான் அன்டெனா. புதிய போன்கள் பலவற்றில் எப்.எம். வசதியே இல்லை. எல்லாப் போட்டிக்கும் இப்போது நேர்முக வர்ணனை வருவதில்லை, எந்த வானொலி எடுக்கிறது என்று போட்டிக்கு முன்பே கேட்டு வையுங்கள்.

“லைவ் எண்டு போட்டிருக்கு, அமத்தினா வேறெங்கையோ போகுது”

பேஸ்புக்கில் ‘நேரலை’ என்ற பெயரில் ஒரு படமும், கருத்துப் பகுதியில் ஒரு இணைப்பும். யூடியூப்பில் சில நேரம் கணினி விளையாட்டின் காட்சியையே போட்டியாக ஓடவிடுவார்கள். பார்வையாளர் கூட்டம் எல்லோரும் ஒரே மாதிரிக் கையசைத்தால் சந்தேகப்படுங்கள். இணைப்பை அமத்தினால் சூதாட்டப் பக்கம், அல்லது ‘வீடியோ பார்க்க அலவ் என்பதை அழுத்தவும்’. அந்த ‘அலவ்’ வீடியோவுக்கு அல்ல, உங்கள் போனுக்கு விளம்பரம் அனுப்ப நீங்கள் கொடுக்கும் அனுமதி. அடுத்த நாளிலிருந்து ‘உங்கள் போனில் வைரஸ்’, ‘நீங்கள் வென்றுவிட்டீர்கள்’ என்று வந்துகொண்டே இருக்கும். குரோம் செட்டிங்ஸில் நோட்டிபிகேஷன் பகுதிக்குப் போய், தெரியாத தளங்களின் அனுமதியை நீக்கினால் நின்றுவிடும். வங்கி அட்டை எண் கேட்கும் ‘இலவச’ நேரலையை அந்த இடத்திலேயே மூடுங்கள்.

“எங்கட பள்ளிக்கூட மெட்ச் ஒண்டிலையும் இல்லை”

மார்ச் மாதம் பிறந்தால் இந்தக் கேள்வி வரும். எஸ்.எஸ்.சி.யில் நடக்கும் றோயல் – தோமியன் ஆட்டத்துக்கு ஸ்கோர் தேடி அலைய வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸும் மோதும் வடக்கின் பெரும் சமருக்கும் இப்போது ஓரளவு வழி உண்டு. பாடசாலை ஆட்டங்களுக்கு ‘த பப்பரே’ தளத்தை முதலில் பாருங்கள், அதற்குத் தமிழ்ப் பக்கமும் இருக்கிறது. அதற்கும் கீழே போனால், பத்தொன்பது வயதுக்குக் கீழ் சாதாரண ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை மென்பந்துச் சுற்று என்றால், பெரிய செயலிகளில் எத்தனை தேடினாலும் கிடைக்காது. அவற்றுக்கு அங்கே பதிவாளர் இல்லை. கிரிக்ஹீரோஸ் போன்ற, விளையாடுபவர்களே பதியும் செயலியில் அந்தச் சுற்றின் பெயரால் தேடிப் பாருங்கள். அல்லது பழைய மாணவர் சங்கத்தின் பேஸ்புக் பக்கம்.

இவற்றில் ஸ்கோர் நின்றால் காரணம் தொழில்நுட்பமல்ல, பதியும் தம்பி சாப்பிடப் போயிருப்பார். கிரிக்இன்ஃபோவே 1993இல் ஆர்வலர்கள் இணைய அரட்டையில் ஓட்டங்களைத் தட்டியதில்தான் தொடங்கியது, ஆகவே அவரைத் திட்டாதீர்கள். எல்லைக் கோட்டருகே நிற்கும் யாராவது ஒருவரின் நம்பரை முதலே வாங்கி வைத்திருங்கள். அழைக்கும்போது “என்ன ஸ்கோர்?” என்று மட்டும் கேட்டால் “நல்லா அடிக்கிறாங்கள் அண்ணா” என்றுதான் பதில் வரும். எந்த ஓவர், எத்தனை விக்கெட், எத்தனை ஓட்டம் என்று இந்த ஒழுங்கில் கேளுங்கள். லைன் நடுவில் அறுந்தாலும் ஓவர் கையில் இருக்கும்.